எழுத்து தெரிந்தும் வாசிக்க வராத குழந்தைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலை வேளையில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் அவர்களில் நாலைந்து பேர் அகரம் முதல் ஔகாரம் வரை தடங்கலின்றிச் சொல்கிறார்கள், க, கா, கி, கீ வரிசையையும் ஒப்பிக்கிறார்கள், ஆனால் பாடப்புத்தகத்தின் ஒரு வரியைக் காட்டினால் விழிக்கிறார்கள். இவர்களுக்கு மறுபடியும் அகரத்திலிருந்து தொடங்குவதா, வகுப்புப் பாடத்தையே நடத்துவதா, ஓராண்டுக்குள் சரியாகுமா, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று பெற்றோர் சொல்வதில் உண்மை உண்டா என்பவை உங்கள் கேள்விகள். உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது, எழுத்தை அறிந்த ஒரு குழந்தை வாசிக்க முடியாமல் நிற்கும் இடம் எது, அந்த இடத்தை உங்களைப் போன்ற ஒருவர் மாலையில் ஒரு மணி நேரத்தில் கடக்க வைக்க முடியுமா என்பதுதான் என்று புரிந்துகொள்கிறேன். முடியும் என்பதே என் பதில். நான் நாகை, திருவாரூர் மாவட்டங்களில் இடைநிலை ஆசிரியராகவும், பின்னர் ஆசிரியப் பயிற்றுநராகவும் பணியாற்றியவன். மருத்துவனோ உளவியல் வல்லுநனோ அல்லன் என்பதால், அந்தத் துறைகளைத் தொடும் இடங்களில் என் எல்லையைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

அகரத்திலிருந்து தொடங்க வேண்டாம். வகுப்புப் பாடத்தையும் இப்போதைக்கு நடத்த வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாட்களை ஒவ்வொரு குழந்தையும் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டறிவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். குழந்தையைத் தனியாக அழைத்து, மற்றவர் காதில் விழாத தூரத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ம, க, ட, வ, ப, த, ர, ல என்று வரிசை கலைத்து எழுதிக் காட்டுங்கள். அடுத்த தாளில் கி, மு, டா, பே, தை, கொ என்று உயிர்மெய்களைக் கலந்து எழுதுங்கள். அதற்கடுத்து படம், மரம், பட்டம், கிளி, மாடு, தம்பி, கொக்கு போன்ற சொற்கள். கடைசியாக, படம் எதுவும் இல்லாத நான்கு எளிய வாக்கியங்கள். குழந்தை எந்தத் தாளில் தயங்கத் தொடங்குகிறதோ அதற்கு முந்தைய தாள்தான் அதன் படி. பாடப்புத்தகத்தை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். வயலில் மாடு மேயும் படத்துக்குக் கீழே “மாடு புல் மேய்கிறது” என்று அச்சாகியிருந்தால், படத்தைப் பார்த்து “மாடு புல்லு தின்னுது” என்று சொல்லிவிடும் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தைக் கையால் மறைத்தால் அதே குழந்தை “மா” என்ற முதல் எழுத்தோடு நின்றுவிடும். புத்திக் குறைவால் அப்படிச் செய்வதில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் வகுப்பைச் சமாளித்து வந்திருக்கிறது, அவ்வளவே.

வரிசையாக ஒப்பிப்பது நம்மை ஏமாற்றும். க, கா, கி, கீ என்று பாடும் குழந்தை ஓர் இசையை மனப்பாடம் செய்திருக்கிறது. வரிசையின் நடுவே உள்ள கூ என்ற எழுத்தைத் தனியே காட்டினால், உள்ளுக்குள் ககரத்திலிருந்து பாடிக்கொண்டே வந்து கூவில் நிற்கும். உதடு அசைவதைக் கவனித்தால் உங்களுக்கே தெரியும். ஒரே எழுத்துக்கு இத்தனை நேரம் எடுத்தால் ஐந்து எழுத்துள்ள சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். ஆகவே, எழுத்து “தெரியும்” என்று நாம் கணக்கில் வைக்க வேண்டுமானால், கலைத்துக் காட்டும்போது பார்த்த மாத்திரத்தில் ஒலி வர வேண்டும். உங்களிடம் உள்ள நாலைந்து பேரில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்பார்கள் என்பது என் ஊகம்.

இங்கே தமிழ் எழுத்தின் அமைப்பு நமக்குப் பெரிதும் உதவும். 247 எழுத்துகள் என்று சொல்லிக் குழந்தையை மலைக்க வைக்கிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216 என்ற கணக்கு சரியானதே. ஆனால் 216 உயிர்மெய்களையும் தனித்தனியே கற்க வேண்டிய தேவை இல்லை. அகரம் ஏறிய 18 வடிவங்களும், மேலே வைக்கும் புள்ளியும், 11 உயிர்க் குறிகளும் கைவந்தால் பெரும்பகுதி முடிந்தது. ஙகர வரிசை, ஔகார வரிசை போன்றவை தொடக்க வாசிப்பில் அநேகமாக வருவதே இல்லை. அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உண்மையில் கடினமான இடங்கள் மூன்று. ஒன்று, உகர ஊகாரக் குறிகள் எல்லா மெய்யோடும் ஒரே வடிவில் வருவதில்லை. இதைப் பொத்தாம்பொதுவாக நடத்தாமல் மூன்று குடும்பங்களாகப் பிரித்துக் காட்டுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், சு, பு, யு, வு இன்னொன்று, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. குடும்பமாகப் பார்த்த குழந்தை புதிய ஒன்றைத் தானே ஊகித்துக்கொள்ளும். இரண்டாவது, எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கின்றன, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ஒகர ஓகாரத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. “கொக்கு” என்ற சொல்லைக் கண்டு “கெ” என்று தொடங்கி, துணைக்காலைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கும் குழந்தை இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் படிக்கிறது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே பார்வையில் காண வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது, ண, ன, ந. ல, ள, ழ. ர, ற ஆகிய எழுத்துகள். இவற்றில் குழந்தை தவறு செய்தால் வாசிப்பு நிலையில் பெரிதுபடுத்தாதீர்கள். “மழை” என்பதை “மளை” என்று படித்தாலும் பொருளை உணர்ந்துவிட்டால் மேலே செல்லட்டும்; உச்சரிப்பைத் திருத்துவதற்கு வேறு நேரம் உண்டு.

தாத்தா பாட்டி எழுதிக் கொடுக்கும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்தவர்களில் சிலர் இன்னமும் பழைய வடிவத்தில்தான் எழுதுகிறார்கள். பெரியவர் எழுதியதைப் படிக்கவில்லை என்பதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ளும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளை எந்த வரிசையில் தருவது என்பதில் ஆசிரியர்களிடையே பல முறைகள் உண்டு. விரைவில் சொல் ஆகக்கூடிய எழுத்துகளை முதலில் தருவதே நல்லது என்பது என் அனுபவம். ப, ட, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்கள் கிடைக்கின்றன. அதனுடன் க, வ, ர, ல, த சேர்ந்தால் கடல், வடம், மரம், கட்டம், வட்டம், தட்டம், பகல் என்று விரியும். துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம், வாடகை எனக் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். “வாடகை”யில் ஐகாரம் வந்துவிட்டது. கற்பிக்காத குறி ஒன்றுகூடச் சொல்லில் நுழையாமல் பார்த்துக்கொள்வது சலிப்பான வேலை; ஆனால் பின்தங்கிய குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அதுதான். தனக்குத் தெரிந்த எழுத்துகளால் மட்டும் ஆன சொல்லை யாருடைய துணையும் இல்லாமல் படித்துவிட்ட குழந்தை அடுத்த நாள் தானாகவே வந்து அமரும்.

எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக ஒலிப்பதுதான் அடுத்த படி. “த, ம், பி” என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, “என்ன சொல்?” என்று கேட்டால் பேசாமல் நிற்கும் குழந்தைகள் உங்களிடம் இருப்பார்கள். அவர்களிடம் எழுத்துக்கு எழுத்து நிறுத்தாமல் இழுத்துச் சொல்லச் சொல்லுங்கள்: “தம்ம்ம்...பி”. தமிழில் “தம்பி”யின் பகரமும் “படம்” என்பதன் பகரமும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. கடல், தங்கம், காகம் ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. பச்சை, பசி, பஞ்சு ஆகியவற்றில் சகரமும் அப்படியே. இதை விதியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. சொல் குழந்தைக்கு முன்பே பழக்கமானதாக இருந்தால், ஏறக்குறைய வந்த ஒலியைக் காது தானே திருத்திக்கொள்ளும். கேட்டே அறியாத சொல்லாக இருந்தால் திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. அதனால்தான் தொடக்கத்தில் நீங்கள் கொடுக்கும் சொற்கள் யாவும் அந்தக் குழந்தை அன்றாடம் கேட்கும் சொற்களாக இருக்க வேண்டும்: நெல், களம், வரப்பு, மதகு, கொக்கு, நண்டு, மீன், பம்பரம்.

ஆனால் நம் பேச்சும் எழுத்தும் விலகி நிற்கும் இடங்களை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். குழந்தைக்கு “நாத்து” தெரியும், புத்தகத்தில் “நாற்று” இருக்கிறது. “அஞ்சு” தெரியும், “ஐந்து” இருக்கிறது. “வச்சாங்க” தெரியும், “வைத்தார்கள்” இருக்கிறது. எழுத்தை முறையாகக் கூட்டி “நாற்று” என்று படித்துவிட்ட குழந்தை அது தன் அம்மா தினமும் பறித்து நடும் பொருள்தான் என்று அறியாமலே அடுத்த சொல்லுக்குப் போய்விடும். கூட்டிப் படிப்பதும் மொழியைப் புரிந்துகொள்வதும் சேர்ந்தால்தான் வாசிப்பு என்பதைக் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டில் முன்வைத்தார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாசிப்பு இல்லை என்ற அந்தக் கருத்து இன்றுவரை நிலைத்திருக்கிறது. இரண்டாவது பாதியை வளர்க்க, அன்றாடம் பத்து நிமிடமாவது நீங்கள் எழுத்துத் தமிழில் ஒரு கதையைப் பார்த்துப் படித்துக் காட்டுங்கள். குழந்தைகள் அதைத் தம் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் இதில் முதலாவதாக நிற்கும். அந்தப் பத்து நிமிடம் அதற்குத் தேவை.

இன்னொரு வழியும் எனக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. குழந்தை ஒரு செய்தியைச் சொல்லட்டும். அது சொல்வதை நீங்கள் எழுதுங்கள். “எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. நானும் அண்ணனும் பாக்கப் போனோம்.” தான் சொன்னதையே படிப்பதால் சொற்கள் தடுக்குவதில்லை. இரண்டு நாள் கழித்து அதற்குக் கீழே, “எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நானும் அண்ணனும் பார்க்கப் போனோம்” என்று எழுதி இரண்டையும் ஒப்பிடச் செய்யுங்கள். பேச்சு வழக்கை எழுத்தில் காட்டினால் மொழி கெடும் என்று மறுக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். இதில் எந்த முறை மேல் என்று அறுதியிட்டுச் சொல்லும் நிலையில் நான் இல்லை. சில வாரங்களுக்கு மட்டும் ஒரு பாலமாக இதைப் பயன்படுத்தியதில் தீங்கு எதையும் நான் கண்டதில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். நரிக்குறவர் குடியிருப்புக் குழந்தைகள் யாராவது உங்களிடம் வந்தால், அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவர்களுக்குத் தமிழே இரண்டாவது மொழி; படிப்பதற்கு முன் பேசுவதற்கும் கேட்பதற்கும் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு பத்தியை ஒருமுறை படிக்கவைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். ஐந்தாறு வரியுள்ள ஒரே பத்தியை முதலில் நீங்கள் படித்துக் காட்டி, பிறகு சேர்ந்து படித்து, பிறகு இருவர் இருவராக, அதன்பின் தனியாக என்று மூன்று நான்கு முறை படிக்க வேண்டும். தடுமாற்றம் குறைவதைக் குழந்தையே உணரும். அன்று படித்த சொற்களில் ஐந்தையாவது பாராமல் எழுதச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்து ஒலிப்பதைவிட, ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேடுவது கடினம். அந்தக் கடினமே எழுத்தை மனத்தில் பதிக்கிறது. நோட்டும் பென்சிலும் இல்லாவிட்டால் மணலில் எழுதட்டும். பத்தி படித்ததும் “என்ன புரிந்தது?” என்று பொதுவாகக் கேட்காமல், “மாடு ஏன் வரப்பை விட்டு இறங்கியது?” என்று பத்திக்குள்ளிருந்தே கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புக் குழந்தையோடு ஒரே படியில் அமர்த்தும்போது அவன் அவமானப்படுவான். இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் எதிர்கொள்வீர்கள். அவனுக்குப் படி அதேதான், பொருள் வேறாக இருக்க வேண்டும். பேருந்தின் பெயர்ப்பலகையில் உள்ள “நாகை”, “தஞ்சை”, “வேதை”, கடைப்பலகைகள், குடும்ப அட்டையில் உள்ள பெயர்கள், நாளிதழில் விளையாட்டுச் செய்தியின் தலைப்பு, விதை நெல் மூட்டையில் அச்சான “ஆடுதுறை 43” இவையெல்லாம் அவனுக்குப் பாடமாகட்டும். சிறு குழந்தைகளுக்கான முயல் கதையை அவனிடம் நீட்டாதீர்கள். எந்தக் குழந்தையிடமும் பிறர் முன்னிலையில் “இதுகூடத் தெரியாதா?” என்ற சொல் வரவே கூடாது. வாசிக்க மறுக்கும் குழந்தைகளில் பலர் வாசிப்புக்கு அஞ்சவில்லை, அந்தச் சொல்லுக்கே அஞ்சுகிறார்கள்.

வகுப்பைப் பார்க்காமல் படியைப் பார்த்துக் கற்பிப்பது பலன் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இது என் அனுபவத்தை மட்டும் நம்பிச் சொல்வதன்று. மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய குழந்தைகளைத் தனிக் குழுவாக்கி, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைத் திறன்களைக் கற்பித்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்தபோது, மிகப் பின்தங்கிய நிலையில் இருந்த குழந்தைகளே அதிகம் முன்னேறியிருந்தார்கள். நம் மாநிலத்திலேயே, கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதையொட்டி இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வகுப்புகள் நடத்தினார்கள். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடானதாகவும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்குக்கு அந்த மாலை வகுப்புகளே காரணம் எனவும் கண்டார்கள். உங்களைப் போன்ற ஒருவரின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இவை பல்லாயிரம் குழந்தைகளின் சராசரிகள். உங்கள் முன் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தை எத்தனை மாதத்தில் படிக்கும் என்பதை அவற்றிலிருந்து கணக்கிட முடியாது.

பள்ளியோடும் தொடர்பில் இருங்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே கற்பிக்கிறார்கள். குழந்தை எந்த நிலையில் உள்ளது என்று வகுப்பாசிரியரைக் கேட்டு, நீங்கள் கண்டறிந்த படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் அதைக் குறையாகப் பேசாமல், நீங்கள் பயன்படுத்திய தாள்களைக் காட்டுங்கள். பள்ளியில் ஒரு முறை, மாலையில் வேறொரு முறை என்று இழுபட்டால் குழந்தைதான் குழம்பும்.

நம் பகுதியில் இதைத் திட்டமிடும்போது காலத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஓரளவு இடையூறில்லாத காலம். அப்போதும் குறுவை நடவு நடக்கும் வாரங்களில் அம்மா வயலுக்குப் போனால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் குழந்தை வீட்டில் நின்றுவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை விடுமுறைகள் விட்டுவிட்டு வரும். புயல் வந்தால் பள்ளிக்கூடமே நிவாரண முகாமாகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த பிறகு பல குழந்தைகள் வாரக்கணக்கில் எழுத்தைத் தொடவில்லை. தை மாதத்தில் சம்பா அறுவடை. சில குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குழந்தைகளோடு வெளியூர் போய்விடும். ஆகவே ஆண்டு முழுவதும் நீளும் ஒரே தொடர்ச்சியாகப் பாடத்தை அமைத்தால், நடுவில் பத்து நாள் வராத குழந்தை மறுபடி சேரவே முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு தொகுப்பு என்று துண்டு துண்டாக அமையுங்கள். திரும்பி வரும் குழந்தை விட்ட இடத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். எழுத்தறியும் பணியின் கடினமான பகுதியை மழைக்கு முன்பே முடித்துவிட முயலுங்கள். மழைக்காலத்தில் கதை சொல்வதும் படித்ததை மறுபடி படிப்பதும் போதும்.

எத்தனை காலம் ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். எழுத்துகளைக் கலைத்துக் காட்டினாலும் சொல்லிவிட்டு, சேர்க்க மட்டும் தெரியாத குழந்தை ஒழுங்காக வந்தால் இரண்டு மூன்று மாதங்களில் எளிய பத்தியைப் படிப்பதைக் கண்டிருக்கிறேன். எழுத்தே உறுதியாகாத குழந்தைக்கு ஒரு கல்வியாண்டு வேண்டும். இது நான் பார்த்த குழந்தைகளைக் கொண்டு சொல்வது. எல்லோருக்கும் பொருந்தும் என உறுதி கூற மாட்டேன். ஒரு நிமிடத்தில் இத்தனை சொற்கள் படிக்க வேண்டும் என்று சிலர் அளவுகோல் சொல்வார்கள். தமிழில் “வந்துகொண்டிருந்தார்கள்” என்பதும் ஒரு சொல், “பூ” என்பதும் ஒரு சொல் என்பதால், ஆங்கிலத்துக்கென வகுத்த அந்த எண்ணிக்கையை அப்படியே நம் குழந்தைமீது வைப்பதை நான் ஏற்பதில்லை. குழந்தையின் போன மாத வாசிப்போடு இந்த மாத வாசிப்பை ஒப்பிடுங்கள், அது போதும்.

“படிப்பு ஏறாது” என்ற பேச்சுக்கு வருவோம். முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறதா, புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோகிறதா, பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா, காதில் சீழ் வருகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். வாசிப்புக்கென நீங்கள் செய்யும் அத்தனையையும் ஒரு கண்ணாடி முந்திவிடும் நேரங்கள் உண்டு. பசியோடு வரும் குழந்தையும் கவனிக்காது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில் விரிவாக்கம் பெற்றபின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை நிலை மாறியிருக்கிறது. ஆனால் உங்கள் வகுப்பு மாலையில். முடிந்தால் கொஞ்சம் சுண்டலோ கடலை உருண்டையோ இருக்கட்டும்.

கண், காது, வருகை எல்லாம் சரியாக இருந்து, ஆறு மாதம் முறையாகக் கற்பித்தும், பேச்சிலும் விளையாட்டிலும் கணக்குப் போடுவதிலும் கெட்டிக்காரத்தனமாக உள்ள குழந்தை எழுத்தில் மட்டும் நகராமல் நின்றால், டிஸ்லெக்ஸியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை அணுகினால், எங்கே மதிப்பீடு செய்வது என்று வழிகாட்டுவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்ஸியாவையும் உள்ளடக்கிய “குறிப்பிட்ட கற்றல் குறைபாடு” என்பதை, தான் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கும். பெற்றோர் அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சுவார்கள். அது அறிவுக் குறைவு அன்று என்பதையும், சொல்லிக்கொடுத்தால் பயன் உண்டு என்பதையும் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலும் கற்பிப்பதை நிறுத்த வேண்டாம். எழுத்தொலியை ஒழுங்காக, மெதுவாக, அதிகப் பயிற்சியோடு கற்பிப்பதே அந்தக் குழந்தைக்கும் தேவைப்படுவது. மறுபக்கம், படிக்காத குழந்தைகள் அனைவருக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடுவதும் தவறு. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சரியான நேரத்தில் யாரும் அருகில் அமர்ந்து கற்பிக்காததால் பின்தங்கியவர்கள்.

பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் உதவ முடியும். இரவில் ஐந்து நிமிடம் அம்மாவிடம் குழந்தை அன்றைய பத்தியைப் படித்துக் காட்டட்டும். எழுத்து தெரியாத அம்மாவுக்கும் பிள்ளை திக்குகிறதா, ஓட்டமாகப் படிக்கிறதா என்பது காதில் விழும். அடிப்பதையும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதையும் அந்த ஐந்து நிமிடத்திலாவது விட்டுவிடச் சொல்லுங்கள். ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆங்கிலத்தின்மீது அவர்களுக்குள்ள ஆசை நியாயமானது. ஆனால் பேசும் மொழியிலேயே எழுத்தைக் கூட்டத் தெரியாத குழந்தை, பேசாத மொழியில் இரண்டு சுமையைச் சேர்த்துச் சுமக்க நேரும். தமிழில் வாசிப்பு பிடிபட்ட பிறகு ஆங்கில எழுத்துக்குப் போவது எளிது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை வைத்துக்கொண்டு, எந்தத் தாளில் நின்றது, எந்த எழுத்துகள் வரவில்லை, எந்தக் குறியில் தடுமாறியது என்று தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே தாள்களை மறுபடி கொடுத்துப் பாருங்கள். நகராத குழந்தை யாராவது இருந்தால், பெயரைக் குறிப்பிடாமல் அந்த அட்டையில் உள்ளதை மட்டும் இங்கே எழுதுங்கள். அந்தக் குழந்தைக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று என்னால் இயன்றவரை சொல்கிறேன்.